ரேடியேட்டருக்குக் கட்டிய துண்டு

ஓசூரில் ஒரு கடைக்குப் போய்க் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் கூலர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் குளிருக்கு எதுக்கு சார் அதெல்லாம்" என்பார். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓசூர் குளிரெல்லாம் விடியற்காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கு. நான் உட்கார்ந்திருந்தது மாமனார் வீட்டு மாடியில், சிமென்ட் ஷீட் போட்ட அறையில். மத்தியானம் அந்த அறையில் அப்பளம் பொரியாது, அவ்வளவுதான். மற்றபடி மனிதன் உட்பட எல்லாம் வேகும்.

வீட்டோட மாப்பிள்ளை என்ற பட்டம் எனக்குத் தானாக வரவில்லை, நானே போய்ச் சம்பாதித்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டை டிசைனராகப் பதினோரு வருஷம் இருந்தேன். மேனேஜர் ஒருவருடன் வாய்த்தகராறு. தப்பு அவர் மேல்தான், இன்றைக்கும் அதையே சொல்வேன். கோபத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன், அவர் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். மூன்று மாதத்தில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியோடும் நாலு பெட்டியோடும் மாமனார் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தோம்.

கீழே மாமனாரின் ஷெட். மூன்று லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், மூலையில் ஒரு கிரைண்டர். காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிற சத்தம் சாயங்காலம் ஏழுக்குத்தான் அடங்கும். பெரிய கம்பெனிகளுக்குப் புஷ், பின், ஷாஃப்ட் என்று கடைந்து கொடுப்பார். ஆர்டருக்குப் பஞ்சமில்லை. அவரே ஒரு லேத்தில் நிற்பார், மற்ற இரண்டில் இரண்டு டர்னர்கள். அவருக்கு என் வேலை என்னவென்றே புரியவில்லை. புரிந்துகொள்ள அவர் முயற்சி எடுத்த மாதிரியும் தெரியவில்லை. யாராவது விசாரித்தால், "மாப்ள மேல கம்ப்யூட்டர் பாத்துட்டு இருக்காரு" என்பார். டிவி பார்க்கிற மாதிரி. அது என் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார்.

என் வேலை இதுதான். உருக்கிய அலுமினியத்தை டை என்கிற இரும்பு அச்சுக்குள் அடிக்கும்போது அது எப்படி ஓடும், எங்கே காற்று சிக்கும், எந்த இடத்தில் ஓட்டை விழும் என்று டை செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சூளகிரியில் புதிதாக வந்த, டை செய்து கொடுக்கும் ஒரு டூல்ரூம் எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தது. சரியாகச் செய்து, சொன்ன நாளில் கொடுத்தால் மாதாமாதம் வேலை வரும். வந்தால் அந்த மாடியிலிருந்து நாங்கள் இறங்கலாம். வராவிட்டால் இன்னொரு மேனேஜரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அப்போது உயிரே அந்த ஒரு வேலையில்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கு முடிய முப்பது மணி நேரத்துக்குக் குறையாமல் மெஷின் முழு மூச்சில் ஓட வேண்டும். என்னுடைய பழைய கம்ப்யூட்டர் நாலாவது மணி நேரத்திலேயே கொதித்துப் படுத்துக்கொண்டது. அதனால்தான் புதிதாக நானே ஒன்று கட்ட உட்கார்ந்தேன். மற்றச் சாமான்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூலரிலும் ஃபேனிலும்தான் உலகமே எனக்கு எதிராக நின்றது.

யூடியூபில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கப் பத்து நிமிஷம், விளக்கு எரிவதைக் காட்டப் பத்து நிமிஷம், எவ்வளவு சூடாகிறது என்பதற்குக் கடைசியில் அரை நிமிஷம். அதிலும் ஏசி அறையில் உட்கார்ந்து சோதித்திருப்பான். கீழே கிரைண்டர் ஓடுகிற வீட்டில், இரும்புத்தூள் மிதக்கிற காற்றில், ஷீட் கூரைக்கு அடியில் எது தாங்கும் என்று சொல்ல ஒருவனும் இல்லை. நானே யோசித்துத்தான் முடிவு செய்தேன். தண்ணீர் ஏற்கெனவே நிரப்பி சீல் செய்து வரும் கூலர், அந்தத் தண்ணீரை ஆற வைக்க மூன்று ஃபேன் நீளத்துக்கு ரேடியேட்டர். அதைக் கேபினெட்டின் முகப்பில், வலைக்குப் பின்னால் வைப்பது. வெளிக்காற்றை ஃபேன்கள் முன்னாலிருந்து உள்ளே இழுக்கும், தூளை வலை தடுக்கும். வெளியேற்றுவதைவிட உள்ளே இழுப்பது அதிகமாக இருந்தால் சந்து பொந்து வழியாகத் தூசி நுழையாது. எல்லாமே அந்த முகப்பு வழியாக வரும் காற்றை நம்பித்தான்.

இதைக் கேட்ட மாமனார் சும்மா இருந்திருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"தண்ணிய மாத்தறதுக்கு வழி எங்க இருக்குதுங்க மாப்ள?"

"மாத்தத் தேவையில்ல மாமா. சீல் பண்ணியே வருது."

"லெவல் எப்படி பாப்பீங்க?"

"பாக்க முடியாது."

"மாத்தவும் முடியாது, பாக்கவும் முடியாது. எங்க மெஷின்ல கூலன்ட் தண்ணிய ரெண்டு வாரம் மாத்தலன்னாலே திங்கக்கிழமை வந்து நிக்க முடியாது, நாறிப்போயிடும்." அவர் தன் மகளைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல. "என்னமோம்மா. வேர்வை வராத வேலைக்குத் தண்ணி கூலர் கேக்குது."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பதில் வாய் வரைக்கும் வந்தது. அவர் வீட்டுச் சோறு என்பதால் விழுங்கினேன். அந்த மாதிரி விழுங்கியது எனக்குள் நிறைய இருந்தது.

ஓசூர்க் கடைகளில் கிடைக்கவில்லை என்று பஸ் பிடித்துப் பெங்களூர் போனேன். அங்கே கடை கடையாக ஏறினால் எல்லாமே விளக்குப் போட்ட ஃபேன்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி மாறி மாறி எரிகிறது. விளக்கு இல்லாமல், சத்தம் இல்லாமல், ரேடியேட்டரின் இடுக்கில் காற்றை அழுத்தித் தள்ளக்கூடிய ஃபேன் வேண்டும் என்றேன். கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ சொல்லிப் பக்கத்து ஆளைச் சிரிக்க வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"லைட் இருக்கட்டும் சார். ஓடுதா இல்லையான்னு பாத்ததும் தெரியும்ல."

"ஓடுதான்னு தெரிஞ்சுக்க எனக்கு விளக்கு வேணாம். நான் ஒண்ணும் குருடன் இல்ல."

அவர் கோபித்துக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜை மேல் போட்டார். நான் கேட்டது அதுதான். திரும்பி வருகிற வழியெல்லாம், அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வரும் வரைக்கும், மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வரிசையில் மாமனார்தான் முதல் ஆள்.

கட்டி முடித்து ஓட்டிப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. மெஷினின் மேல் காதை வைத்தால்தான் லேசாக ஒரு மூச்சுச் சத்தம். கீழே லேத் ஓடும்போது அதுவும் கேட்காது. ஆறு மணி நேரம் முழு மூச்சில் ஓட்டினேன், சூடு ஒரு எல்லைக்கு மேல் ஏறவே இல்லை. ஆனாலும் நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. தண்ணீரின் சூடு ஓர் அளவைத் தாண்டினால் மெஷின் தானாகவே அணைந்துவிட வேண்டும் என்று ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்தேன். அன்று மாமனாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. கூப்பிடவில்லை. அவராக ஏறி வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

டூல்ரூமிலிருந்து டிராயிங் வரத் தாமதமாகி, ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்புதான் வந்தது. "பூஜை முடிஞ்சதும் ரிப்போர்ட் வேணும் சார்" என்றார் அங்கே இருந்த இன்ஜினியர். அளவுகளைச் சரிபார்த்து, எல்லாவற்றையும் தயார் செய்து, பூஜைக்கு முந்தின நாள் காலையில் கணக்கை ஓடவிட்டேன். பூஜையன்று சாயங்காலம் முடியும், மறுநாள் காலையில் அனுப்பிவிடலாம். இடையிடையே சேமிக்கச் சொன்னால் நேரம் கூடும் என்று அதையும் அணைத்துவிட்டேன். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

அன்று மத்தியானம் மாமனார் மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டார்.

"மாப்ள, நாளைக்கு பூஜைங்க. ஷெட்ல எல்லாம் கழுவி விட்டாச்சு. உங்களுதையும் நிறுத்திடுவீங்கல்ல? பூஜையன்னிக்கு எதுவும் ஓடக்கூடாதுங்க."

ஓடுகிறது, நிறுத்த முடியாது என்று சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

"நிறுத்திடறேன் மாமா" என்றேன்.

திரையை மட்டும் அணைத்தேன். மனைவியிடமும் அதையே சொன்னேன், நிறுத்திவிட்டேன் என்று. விளக்கு இல்லை, சத்தம் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு.

பூஜையன்று ஷெட்டைப் பார்த்தால் வேறு இடம் மாதிரி இருக்கும். தரையில் ஒரு சுருள் இரும்பு கிடக்காது. மெஷின்கள் எண்ணெய் துடைத்துப் பளபளவென்று நிற்கும். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், கையளவு கனத்தில் சாமந்தி மாலை. அதோடு மாமனாருக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மெஷினின் தலையிலும் ஒரு புதுத் துண்டு கட்டுவார். கோயிலில் பெரிய மனிதருக்குப் பரிவட்டம் கட்டுவதைப் போல, மடிப்புக் கலையாமல், இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார். தன் மெஷினுக்கு மட்டும்தான் கட்டுவார். பக்கத்து ஷெட்காரர் ஒருமுறை கூப்பிட்டதற்கு, "அது உன் மெஷினப்பா, நீ கட்டு" என்று சொன்னவர் அவர்.

அன்று காலை பத்து மணிக்கு என்னைப் பூசணிக்காய் வாங்கி வரச் சொன்னார்கள். பூசணிக்காயாவது மண்ணாங்கட்டியாவது என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தேன். மார்க்கெட்டில் ஊரே கூடியிருந்தது. லாரிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், கம்பெனி ஆட்கள், பொரி மூட்டை, வாழைக்கன்று. எல்லோர் மேலும் இடித்துக்கொண்டு, இரண்டு பேரிடம் சண்டை போட்டு, ஒரு பூசணிக்காயோடு திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

வந்ததும் நேராக மாடிக்குப் போனேன். அறையில் சாம்பிராணி வாசம். மேஜைக்குப் பக்கத்தில் என் கம்ப்யூட்டர் நின்றிருந்தது. உச்சியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். முகப்பில் சாமந்தி மாலை மூன்று மடிப்பாகத் தொங்கியது. மாலைக்கு அடியில், அந்த வலை முழுவதையும் மூடி, ஒரு புதுத் துண்டு இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

திரையைப் போட்டேன். இருட்டு. கேபினெட்டைத் தொட்டால் தோசைக்கல். காற்று போக வழியில்லாமல் தண்ணீர் கொதித்து, நான் செய்து வைத்த ஏற்பாடே மெஷினை அணைத்திருந்தது. இருபத்தாறு மணி நேரம் ஓடியது அத்தனையும் போச்சு.

துண்டை அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் மாலையோடு சேர்த்துப் பிய்த்தேன். அதைக் கையில் பிடித்தபடி கீழே இறங்கினேன். ஷெட்டில் பூஜை ஆரம்பிக்கக் காத்திருந்தார்கள். இரண்டு டர்னர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வேலை கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமனார் புது வேட்டியில் தட்டோடு நின்றார்.

"யாரு என் மெஷின்ல கைய வெச்சது?" என்றேன்.

"நான்தாங்க மாப்ள. நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே. தொட்டுக்கூடப் பாத்தேன், சத்தமே இல்லீங்க. அதான்..."

"உங்க துரு பிடிச்ச லேத்துக்கு கட்டற துண்ட என் மெஷினுக்கு கட்டச் சொல்லி யாரு கேட்டா? அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? குரங்கு கையில பூமாலைய குடுத்த கதையா ஆயிடுச்சு என் பொழப்பு."

கையிலிருந்ததை அவர் காலடியில் போட்டேன். கம்பெனிக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். டர்னர்களின் மனைவிமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமனார் தட்டை லேத்தின் மேல் வைத்தார். குனிந்து துண்டை எடுத்து உதறினார். நாலாக மடித்தார்.

"தெரியாம நடந்துபோச்சுங்க மாப்ள" என்றார். பிறகு டர்னரைப் பார்த்து, "கற்பூரத்த ஏத்துப்பா, நேரமாகுது" என்றார்.

நான் மேலே வந்து டூல்ரூம் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். ஒரு சின்னப் பிரச்சினை, நாளைக்குக் காலையில் கொடுக்க முடியாது, ஒரு நாள் கூடுதலாக வேண்டும் என்றேன். அவர் பக்கம் மேளச் சத்தம், யாரோ பூசணிக்காய் உடைக்கிற சத்தம்.

"நாளைக்கா? நாளைக்கு யாரு சார் இங்க இருக்கா? மெஷினெல்லாம் நிறுத்திப் பூஜை போட்டாச்சு. இனி திங்கக்கிழமைதான் கேட்டே தொறப்பாங்க. நீங்க மெதுவா அனுப்புங்க. ஊர் முழுக்க லீவு, நீங்க மட்டும் என்ன சார் ஓட்டிட்டு இருக்கீங்க?"

அன்றைக்கு வியாழக்கிழமை. பதினோரு வருஷம் இதே ஊர்க் கம்பெனியில் வேலை செய்திருக்கிறேன். பூஜைக்கு மறுநாள் எந்தக் கம்பெனியும் திறக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. போனை வைத்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நிறுத்திட்டேன்னு என்கிட்டயும் பொய் சொன்னீங்க" என்றாள். "அப்பா காலைல ஆறு துண்டு எடுத்து வெச்சாரு. அப்புறம் பீரோவத் தொறந்து ஏழாவதா ஒண்ணு எடுத்தாரு. எதுக்குப்பான்னு கேட்டேன். மாப்ளதும் நம்ம மெஷின்தானம்மான்னாரு. முட்டி வலியோட படி ஏறி வந்தாருங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கீழே போய்விட்டாள்.

மெஷின் ஆறியதும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கணக்கு முடிந்தது, திங்கட்கிழமை ரிப்போர்ட் போனது, இன்ஜினியருக்குப் பிடித்துப் போனது. மாதாமாதம் வேலை வந்தது. ஆறு மாதத்தில் மத்திகிரியில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு இறங்கினோம். நான் கேட்டது எல்லாம் கிடைத்தது. மாமனார் பேச்சை நிறுத்தவில்லை. சாப்பிட்டீங்களா மாப்ள, மழை வருதுங்களா மாப்ள என்று முன்பைவிட மரியாதையாகவே பேசினார். குத்தலாக ஒரு வார்த்தை கூடச் சொல்வதில்லை. நாங்கள் கிளம்பும் வரைக்கும் அந்த மாடிப்படியில் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன், வாய் வராது. திட்டுவதற்கு மட்டும் வரும் வாய் இது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. ஷெட்டுப் பூஜையை முடித்துவிட்டு மாமனாரும் மாமியாரும் பொரி, பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் முந்தின நாளே மெஷினை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கி, ரேடியேட்டர் வலையைத் துடைத்து வைத்திருந்தேன். ஒரு துண்டு வாங்கி வைத்திருந்தேன். மாலையும் இருந்தது. சந்தனக் கிண்ணத்தையும் துண்டையும் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"மாமா, நீங்க கட்டுங்க" என்றேன். "நிஜமாவே நிறுத்திட்டேன். பிளக்க எடுத்துட்டேன் பாருங்க."

அவர் தட்டைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். சிரித்த முகம்தான், அதில் ஒரு குறையும் இல்லை.

"அது உங்க மெஷினுங்க மாப்ள" என்றார். "நீங்க கட்டுங்க. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

சொல்லிவிட்டு ஒரு அடி தள்ளி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். நானே துண்டைப் பிரித்துக் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை, இரண்டு தடவை அவிழ்ந்தது. அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், கையை எடுக்கவில்லை.